மகள் ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்கிறாள், கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: நுண்கலைப் படிப்பும் அதற்கான பணமும். அதனால் இந்த முறை அந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நானும் நுண்கலை படித்தவள். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் படிப்பை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். பட்டம் வாங்கி முதல் மூன்று வருடம் வாடகைக்கே திண்டாடியதும் மறக்கவில்லை.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் திண்டுக்கல்லில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் மாதம் 28,000. ஒரே மகள். அரசுப் பள்ளியில் படித்து ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே வரைந்துகொண்டே இருப்பாள், இப்போது பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறாள். ஒரு தனியார் கல்லூரியில் வருடத்துக்கு 3 லட்சம், நான்கு வருடத்துக்கு 12 லட்சம் கட்டணம் சொல்கிறார்கள். வங்கியில் கல்விக்கடன் கிடைக்கும் போலிருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் இன்ஜினியரிங் சேர்க்கச் சொல்கிறார்கள். போட்ட பணம் திரும்பி வருமா? மறைக்காமல் சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட வேண்டாம், திண்டுக்கல்

பதில்: மறைக்காமலே சொல்கிறேன் ஐயா. மகளைப் படிக்க வையுங்கள். அந்த 12 லட்சம் கடனை மட்டும் வாங்காதீர்கள்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதனால் கணக்காகவே பேசலாம். வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 3 லட்சம் கொடுக்கிறது. படிக்கும் நான்கு வருடமும் அதற்கப்புறம் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், கேட்கும்போது நிம்மதியாக இருக்கும், ஆனால் வட்டி அந்த ஐந்து வருடமும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 4.41 லட்சம் வருகிறது. ஆக, மகள் பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்து முதல் தவணை கட்டும் நாளில் நிற்கும் கடன் 16.41 லட்சம். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 22,100 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தமாகக் கூட்டினால் 26.5 லட்சத்துக்கு மேல் போகிறது.

வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் ஒன்று உண்டு. உங்கள் வருமானம் அதற்குள்தான் வருகிறது. ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் எல்லாப் படிப்புக்கும் அது பொருந்தாது, முழுக் கடனுக்கும் பொருந்தாது. அதனால் உங்கள் மகள் சேரும் கல்லூரிக்கும் படிப்புக்கும் உண்டா என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது முழுசாகக் கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும், 12 லட்சம் அசலுக்கு மட்டும் மாதத் தவணை 16,200 ரூபாய் வரும். பி.எஃப்.ஏ. முடித்த பெண்ணின் முதல் சம்பளத்தை 20,000 என்றே வையுங்கள், மீதி 3,800. சென்னையில் பெண்கள் விடுதி வாடகைக்குக்கூட அது போதாது.

இன்னொரு விஷயம். கல்விக்கடனில் பெற்றோர் இணைக் கடன்தாரர். மகளால் கட்ட முடியாமல் போனால் வங்கி உங்களுக்குத்தான் போன் பண்ணும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்தான் விழும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தையும் கேட்பார்கள். கடன் தவணைக்குப் பயந்து கையில் கிடைத்த எந்த வேலைக்கோ போய், பிரஷ்ஷையே தொடாமல் போனவர்களை எனக்குத் தெரியும். நன்றாக வரையக்கூடியவர்கள்தான் அவர்கள். கலைப் படிப்புக்கு வாங்கிய கடன் முதலில் அந்தக் கலையைத்தான் தின்கிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, வேறு வழி என்ன? அரசுக் கல்லூரி.

சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹண்டர் ஒரு அறுவை மருத்துவர். கையால் ஒரு தொழில் செய்து பிழைக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளியாகத்தான் அதை ஆரம்பித்தார். கலை படித்தால் சோறு கிடைக்குமா என்று உறவினர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள். அங்கே ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு (பிள்ளைகள் விஸ்காம் என்பார்கள்), துணி வடிவமைப்பு, பீங்கான், அச்சுக்கலை என்று பிரிவுகள் இருக்கின்றன. கும்பகோணத்தில் இன்னொரு அரசு கவின்கலைக் கல்லூரி, மரபுச் சிற்பம் என்றால் மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி, புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம். இவற்றில் கட்டணம் தனியார் கல்லூரியோடு வைத்துப் பேசக்கூடிய தொகையே இல்லை. சேர்க்கைக்கு வரைந்து காட்டும் தேர்வு உண்டு, இடம் குறைவு, போட்டி அதிகம். அதனால் மகளை இப்போதிருந்தே தினமும் ஆட்களைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்ட், உழவர் சந்தை, உங்கள் கடை வாசல், எங்கே வேண்டுமானாலும். போட்டோவைப் பார்த்து வரைந்து பழகிய கை தேர்வு அறையில் உயிருள்ள ஆள் முன்னால் தடுமாறும். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் காத்திருந்து மறுபடி எழுதுவதில் தப்பே இல்லை. ஒரு வருடம் போவதையும் 26 லட்சம் போவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் பட்டம் முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வரும். அதைக் கலர், கேன்வாஸ், தாள் செலவுக்கு ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் இந்தப் படிப்பில் அரசுக் கல்லூரிக் கட்டணத்தைவிட பொருள் செலவுதான் பெற்றோரைத் திகைக்க வைக்கும். அதோடு நான்கு வருடம் விடுதி, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு. அது எந்தப் படிப்புக்கும் இருப்பதுதான்.

அப்புறம் வேலை. இதில் பெற்றோருக்கு யாரும் உண்மையைச் சொல்வதில்லை. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலையை நம்பி அனுப்பாதீர்கள். 2012-இல் பகுதிநேரமாக எடுக்கப்பட்ட ஓவிய, உடற்கல்வி ஆசிரியர்கள் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள், அது 10,000 ஆனது 2021-இல். ஒன்பது வருடத்தில் அவ்வளவுதான். ஆனால் கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளில் ஓவிய ஆசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளமே 44,900. அறிவிப்பு அபூர்வமாகத்தான் வரும், வரும்போது தயாராக இருக்க வேண்டும். எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) முடித்து யு.ஜி.சி. நெட் தேர்வில் காட்சிக்கலை பாடம் எழுதித் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பி.எஃப்.ஏ. ஒரு முழுமையான பட்டம் என்பதால் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று கேட்கும் தேர்வுகளையும் எழுதலாம்: வங்கி அதிகாரி, குரூப் 2, சிவில் சர்வீஸ் எல்லாமே. ஐ.ஐ.டி.க்களில் வடிவமைப்பு முதுகலைக்கு சீட் (CEED) என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதை பி.எஃப்.ஏ. முடித்தவர் எழுதலாம். வடிவமைப்புத் துறைச் சம்பளம்தான் குறி என்றால் என் கணக்கில் மிகக் குறைந்த செலவில் போகும் பாதை இதுதான்: அரசுக் கல்லூரியில் பி.எஃப்.ஏ., அங்கிருந்து சீட் தேர்வு. இன்ஜினியரிங் சேர்க்கச் சொல்லும் உறவினர்களிடமும் இதைச் சொல்லுங்கள், மகள் வேறு வாசல் வழியாக ஐ.ஐ.டி.க்குப் போக முடியும் என்று.

இதெல்லாம் கதவுகள் மட்டும்தான், திறக்க நாளாகும். என் வகுப்பில் படித்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். படித்து முடித்த மறுமாதமே நிலையான வருமானம் வந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்களுக்கு மூன்று வருடம், சிலருக்கு ஐந்து வருடம் ஆனது. அந்தக் காலத்தை யார் தாங்குவது என்பதுதான் இந்தப் படிப்பின் உண்மையான செலவு, கட்டணச் சீட்டில் இருக்கும் தொகை அல்ல. வீட்டில் சேமிப்பு ஏதாவது இருந்தால் தயவுசெய்து அதைக் கல்லூரிக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ எடுத்து வைத்து, பட்டம் முடித்த மறுநாளிலிருந்து அவள் அறை வாடகைக்குக் கொடுங்கள். என் அப்பாவால் அது முடியவில்லை. முடிந்திருந்தால் இரண்டு வருடம் நான் ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் செட் செய்துகொண்டு இருந்திருக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. சோழமண்டல ஓவியர் கிராமத்தைப் பற்றி மகளிடம் பேசுங்கள், முடிந்தால் ஒரு நாள் ஈஞ்சம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-இல் உண்டாக்கிய ஊர் அது. நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாத்திக் துணியில் மெழுகு வைத்துச் சாயம் தோய்த்து விற்றார்கள். பகலில் பாத்திக், மிச்ச நேரத்தில் ஓவியம். ஓவியத்தை உடனே விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லாததால் விரும்பியபடி வரைந்தார்கள். பணிக்கரே ஓவியம் படிக்க வருவதற்கு முன்னால் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர்தான். ஓவியர் ஆதிமூலம், வீர சந்தானம் இருவருமே நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர்கள். உங்கள் மகளும் ஓவியத்தோடு கூடவே கை வேலை ஒன்றை, அது துணியோ பீங்கானோ எழுத்துருவோ, இரண்டாம் வருடத்துக்குள் உருப்படியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சேர்க்கும்போதே இந்த ஒரு நிபந்தனையைப் போடுங்கள். அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: அக்கா, நான் பி.எஃப்.ஏ. ஓவியம் கடைசி வருடம். கேலரியில் படம் வைக்க ஆசை. இப்போதைக்கு ஹோட்டல் சுவர், கல்யாண வீட்டு உருவப்படம் என்று வேலை வருகிறது, ஆனால் எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லை. ஒரு பதிப்பாளர் ஐந்து அட்டைப்படம் கேட்டார், "பணம் இல்லை, பேர் கிடைக்கும்" என்கிறார். வரைந்து கொடுக்கலாமா?
— இறுதியாண்டு மாணவன், கும்பகோணம்

பதில்: கொடுக்காதே தம்பி. அந்தப் பதிப்பாளர் அச்சகத்துக்குப் பணம் கொடுப்பார், பைண்டிங் செய்பவருக்குக் கொடுப்பார், புத்தகம் ஏற்றிப்போகும் லாரிக்கும் கொடுப்பார். உனக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? சிறுபத்திரிகை என்றால் விஷயம் வேறு. நடத்துபவரே கைக்காசு போட்டு நடத்துகிறார், உனக்கும் அந்தப் பத்திரிகை பிடித்திருக்கிறது என்றால் சந்தோஷமாக வரைந்து கொடு. ஆதிமூலம் எழுதிக் கொடுத்த தலைப்பு எழுத்துகளால் தமிழ்ப் புத்தக அட்டையின் முகமே மாறியது. அதெல்லாம் விருப்பத்தோடு செய்கிற வேலை, ஐந்து அட்டை ஓசியில் கேட்பதோடு அதைச் சேர்க்காதே.

விலைக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி ரொம்பச் சாதாரணமானது. மாதத்துக்கு உனக்கு எவ்வளவு தேவை என்று எழுது: வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது, போன், பஸ். 20,000 வருகிறது என்று வை. மாதத்தில் உண்மையாகவே காசு வரும் வேலை நாள் 12-க்கு மேல் இருக்காது, மற்ற நாள் ஆள் பார்க்கவும் அலையவும் உன் சொந்தப் படத்துக்கும் போய்விடும். 20,000-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,670. இதுதான் உன் அடித்தளம், இதற்குக் கீழே இறங்கினால் கைக்காசு போட்டு வேலை செய்கிறாய் என்று அர்த்தம். நான்கு நாள் சுவர் வேலை என்றால் 6,700, அதோடு பெயின்ட், சாரம் வாடகை, உதவியாள் கூலி தனி. சதுர அடிக் கணக்கில் கேட்டால் சதுர அடியாக மாற்றிச் சொல், ஆனால் உன் மனதுக்குள் நாள் கணக்கு இருக்கட்டும். பாதிப் பணம் முன்பணமாகக் கைக்கு வந்த பிறகுதான் சுவரில் பென்சில் வைக்க வேண்டும்.

பணம் வராமல் போவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு நடந்தது. ஒரு நிறுவனத்துக்குப் பன்னிரண்டு படம், வருடக் காலண்டருக்காக வரைந்து கொடுத்தேன். காலண்டர் அச்சாகி ஊரெல்லாம் தொங்கியது, என் 40,000 ரூபாய் இன்றுவரை வரவில்லை. கையில் ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. நீ அந்தத் தப்பைச் செய்யாதே. உத்யம் பதிவு என்று மத்திய அரசின் சிறுதொழில் பதிவு ஒன்று இருக்கிறது, இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் நீயே செய்துவிடலாம், தனி ஆளாக வரைந்து பிழைப்பவரும் ஒரு குறுந்தொழில்தான். அப்படிப் பதிந்தவருக்கு, வேலையை வாங்கிக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது, தாமதித்தால் வட்டியும் சேரும். பில்லின் அடியில் உன் உத்யம் எண்ணையும் '45 நாள்' என்பதையும் அச்சடித்து வை. அதைப் பார்த்தாலே சிலர் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள்.

பதிப்புரிமை உனக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். வரைந்தவன் நான், உரிமை தானாக எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. அட்டைப்படம் வரையும்போது 'இந்தப் புத்தகத்தின் அச்சுப் பதிப்புக்கு மட்டும், மற்ற உரிமை ஓவியரிடம்' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கு. வாட்ஸப்பில் ஒரு செய்தியாவது இருக்கட்டும், ஆனால் தாள் நல்லது.

கேலரி விஷயம். விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கேலரி எடுத்துக்கொள்வது வழக்கம். படத்துக்குச் சட்டம் (ஃப்ரேம்) போடும் செலவு, ஏற்றி இறக்கும் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிக்கொள். 40,000 ரூபாய் படம் விற்றால் கைக்கு 20,000, அதில் கேன்வாஸ், சட்டம், லாரி போக 14,000 மிஞ்சினால் நல்லது. படம் விற்கும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பு வேறு. ஏலத்தில் கோடிக்கணக்கில் போகும் படங்களைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதே. எம்.எஃப். ஹுசைன் 1954-இல் வரைந்த 'கிராம யாத்ரா' 2025 மார்ச்சில் நியூயார்க்கில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தக் காலத்தில் அதை வாங்கிய நார்வே மருத்துவர் கொடுத்தது 1,400 ரூபாய் அளவில்தான். ஏலப் பணம் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனது. நல்ல காரியத்துக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் வரைந்தவரின் பங்கு அந்த 1,400-தான். நம் சட்டத்தில் 53ஏ பிரிவு, இங்கே 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூலப் படத்தில் ஓவியருக்குப் பங்கு உண்டு என்று சொல்கிறது, உச்சவரம்பு 10 சதவீதம். அப்படிக் கேட்டு வாங்கிய ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் விற்கும் ஒவ்வொரு படத்துக்கும் யார் வாங்கினார், எந்தத் தேதி, என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதி வை.

25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை இருக்கிறது, மாதம் 5,000 வீதம் இரண்டு வருடம். உன் அறை வாடகைக்கு அது போதும். கட்டாயம் விண்ணப்பி.

கேள்வி: நான் தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு பிள்ளைகள் நுண்கலை படிக்கலாமா சார் என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் தைரியமாகப் போ என்பேன். இப்போது ஏஐ ஒரு நிமிடத்தில் படம் போட்டுத் தருகிறது. இனியும் சொல்லலாமா?
— ஓவிய ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: சொல்லுங்கள் சார், ஆனால் எந்தப் பிரிவு என்று சேர்த்துச் சொல்லுங்கள். பண்டிகை வாழ்த்து போஸ்டர், சமூக ஊடகத்துக்கு தினம் ஒரு படம், கதைக்கு அவசர ஓவியம், இப்படிப்பட்ட சின்னச் சின்ன வேலைகள்தான் இதுவரை புதிதாகப் படித்து வந்தவர்களின் முதல் இரண்டு வருடச் சோறு. அது குறைந்துகொண்டே வருகிறது, என்னிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளின் முகத்திலேயே தெரிகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் வேலை செய்யக் கற்றுத்தரும் படிப்புக்கு லட்சக்கணக்கில் கொட்டுவது எனக்கு இப்போது ரொம்பப் பயமாக இருக்கிறது. மூன்றாம் வருடத்தில் கற்றுத்தரும் மென்பொருள், பட்டம் வாங்கும்போதே பழசாகிவிடும்.

பீங்கான், துணி, சிற்பம், அச்சுக்கலை, இவை கைக்குள் நிற்கும். சூளை எத்தனை டிகிரியில் பானையை உடைக்கும் என்று தெரிந்தவருக்கும், சாயம் பருத்தியில் ஒரு மாதிரியும் பட்டில் ஒரு மாதிரியும் ஏறுவது தெரிந்தவருக்கும், எட்டடிச் சிலைக்கு உள்ளே இரும்புக் கம்பி எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவருக்கும் இன்னமும் ஆள் தேவை இருக்கிறது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள், சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இலிருந்து உப்புக் காற்றில் நிற்கிறது. அந்த நான்கு முதுகிலும் இருக்கும் தசையைக் கையால் தொட்டுக் கற்றவர்தான் செய்ய முடியும். சினிமா கலை இயக்கமும் அப்படித்தான், செட்டுக்கு மரம், பிளாஸ்டர், துணி, பெயின்ட் எல்லாம் தெரிந்த ஆள் வேண்டும். கலை இயக்குநர் தோட்டா தரணி அதே சென்னைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டுப் போனவர்தான்.

பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: யாரும் பாராட்டாவிட்டாலும், மார்க் இல்லாவிட்டாலும் வரைவாயா? யோசிக்காமல் ஆமாம் என்கிற பிள்ளைக்கு அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மற்ற பிள்ளைகள் வேறு எதையாவது படித்துக்கொண்டே வரையட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: எனக்கு 36 வயது. வங்கியில் கிளார்க். இரண்டு குழந்தைகள், வீட்டுக்கடன் இன்னும் 11 வருடம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு பி.எஃப்.ஏ. சேர வேண்டும் என்று ஆறு மாதமாகத் தூக்கமில்லை. பைத்தியக்காரத்தனமா?
— வாசகி, சென்னை

பதில்: பைத்தியக்காரத்தனம் இல்லைம்மா, அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் வேலையை விடாதீர்கள். பட்டம் உங்களுக்கு என்ன தரும் என்று பாருங்கள்: ஆசிரியர் பணிக்குத் தகுதி, முதுகலைக்கு வழி. இரண்டும் உங்களுக்கு வேண்டாம். படம் வாங்க வருகிறவர் யாரும் சான்றிதழைக் கேட்பதில்லை. நான்கு வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, வீட்டுக்கடன் தவணையைக் கணவர் தலையில் முழுசாக ஏற்றி, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அடிப்படை வரைவதால் கிடைக்கப் போவது அந்தச் சூழலும் நல்ல ஆசிரியர்களும்தான். அவற்றை வேறு வழியில் பிடிக்கலாம்.

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் வட்டார மையம் இருக்கிறது. ஓவியம், சிற்பம், பீங்கான், அச்சுக்கலைக்குக் கூடங்கள் உண்டு, கண்காட்சிகளும் நடக்கும். ஒரு சனிக்கிழமை போய், வேலை செய்துகொண்டிருப்பவர்களோடு பேசுங்கள், உங்களுக்குச் சொல்லித்தர யார் சம்மதிப்பார்கள் என்று கேளுங்கள். எழும்பூர் கல்லூரியில் வருடாந்திரக் கண்காட்சி நடக்கும்போது மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் பேசுங்கள். கல்லூரிக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, ஒரு நல்ல ஓவியரிடம் வாரம் ஒரு நாள் இரண்டு வருடம் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு இடம் வேண்டும், அது முக்கியம். பால்கனியில் நான்கடிக்கு மூன்றடி போதும். ஒவ்வொரு தடவையும் எடுத்து வைத்து, முடிந்ததும் மடக்கி வைக்கிற மாதிரி இருந்தால் ஒரு மாதத்தில் நின்றுவிடும், நானே நிறுத்தியிருக்கிறேன். படத்தை நிறுத்தி வரையும் ஸ்டாண்ட் (easel) எப்போதும் விரித்தபடியே நிற்கட்டும், துணி காயப்போட வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை படம் முடித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.